குழாய்க்கட்டுக்கு முன்னால் எழுந்த சுவர்

பட்டறையில் எல்லாருக்கும் அவள் அக்கா. அவளைவிட வயதில் மூத்த வெல்டருக்கும் அக்கா, தண்ணீர் கேன் போட வருகிறவனுக்கும் அக்கா, கோபமில்லாத நாட்களில் முதலாளிக்கும் அக்கா. அவருக்குக் கோபம் வந்தால் மட்டும் மேடம். கூடப் பிறந்தவள் என்று அவளுக்கு இருந்தது ஒரே ஒரு தங்கை. அந்தத் தங்கைக்காகத்தான், தான் போட்ட கோட்டை அவள் தன் கையாலேயே அழித்தாள். அது என்ன கோடு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை நொண்டும்.

அந்தப் பட்டறையில் வெந்நீர்த் தொட்டி செய்கிறார்கள். குளியலறைச் சுவரில் மாட்டுகிற குட்டி கீசர் இல்லை. விடுதி, மருத்துவமனை, சலவைக்கூடம் என்று ஊரே ஒரே நேரத்தில் குழாயைத் திறக்கிற இடங்களுக்கான தொட்டி. உள்ளே ஆள் படுத்து உருளலாம், அவ்வளவு பெரிது. தொட்டிக்கு அடியில் அடுப்பு எதுவும் கிடையாது. பாய்லர் தனியாக ஒரு மூலையில் இருக்கும். அதில் காய்ந்த தண்ணீர் செம்புக் குழாய்களுக்குள் ஓடி வந்து, தொட்டிக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, தன் சூட்டை மட்டும் குளிக்கிற தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு, ஒரு சொட்டுக்கூடக் கலக்காமல் வந்த வழியே திரும்பிவிட வேண்டும். அந்தச் செம்புக் குழாய்களை வளைத்து, ஒரே கட்டாகச் சேர்த்து, வட்ட மூடியில் பொருத்தி, தொட்டியின் முகப்பு வழியாக உள்ளே தள்ளி போல்ட் போட்டு முறுக்குவார்கள். பட்டறையில் அதற்குப் பெயர் பண்டில். பண்டிலுக்கு எத்தனை குழாய், என்ன நீளம், குழாய்க்கும் குழாய்க்கும் எவ்வளவு சந்து என்று முடிவு செய்து படம் போடுவது அக்காவின் வேலை.

சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரி. குழாய்களை நெருக்கி வைத்தால் சூடு சீக்கிரம் ஏறும், ஆனால் உப்புப் படிந்து சந்து அடைத்துக்கொள்ளும். விலக்கி வைத்தால் அடைக்காது, ஆனால் தொட்டி காயப் பொழுது போய்விடும். கொஞ்சம் மேலே வைத்தால் அடித்தண்ணீர் காயாமலே கிடந்து கெட்டுப்போகும். இதற்கு நடுவில் ஒரு இடம் பிடிக்க வேண்டும். அந்த இடத்தை அவள் கண் பார்த்துச் சொல்லிவிடுவாள், பிறகுதான் கணக்குப் போடுவாள். கணக்கு பெரும்பாலும் அவள் சொன்னதற்கே வந்து நிற்கும்.

பண்டில் என்றைக்காவது ஒருநாள் ஓட்டையாகத்தான் செய்யும். செம்பும் தேயும், உப்பும் தின்னும். அப்போது போல்ட்டைக் கழற்றி, கட்டை அப்படியே நேராக வெளியே இழுக்க வேண்டும். அதனால் பண்டில் எவ்வளவு நீளமோ அவ்வளவு இடம் தொட்டிக்கு முன்னால் வெறுமனே கிடக்க வேண்டும். ஒவ்வொரு படத்திலும் தொட்டி முகப்புக்கு எதிரே அக்கா புள்ளிக்கோட்டில் ஒரு பெட்டி போட்டு, ‘இங்கே எதுவும் வரக் கூடாது’ என்று எழுதிவிடுவாள். கட்டடக்காரர்களுக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரியும். இவ்வளவு இடத்தை யாராவது சும்மா போடுவார்களா? தொட்டியை வைத்த மறுமாதமே அங்கே உடைந்த கட்டில் வரும், சைக்கிள் வரும், பழைய பெயிண்ட் டப்பா வரும். அக்கா போய்ச் சண்டை போட்டுக் காலி செய்ய வைப்பாள்.

“ஆளுக்கு நெஞ்சு வலி வந்தா தூக்கிட்டுப் போக வாசல் வேண்டாமா சார்? வாசல்ல பீரோவ வெச்சுட்டு ஆம்புலன்ஸக் கூப்பிட்டா எப்படி?” என்பாள்.

பட்டறையில் அந்தப் பெட்டிக்கு ‘அக்காவோட காலி மனை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். “அக்கா, மனைக்கு வேலி போட்டாச்சா?” என்று வெல்டர் கேட்பார். அவளும் சிரித்துவிட்டு, அடுத்த படத்தில் கோட்டை இன்னும் கொஞ்சம் அழுத்திப் போடுவாள்.

அப்படிப்பட்டவள்தான் அழித்தாள்.

தங்கை ஒருநாள் ஒற்றைப் பையோடு வந்து நின்றாள். புருஷன் வீட்டிலிருந்து வந்துவிட்டாள். திரும்பிப் போகிற எண்ணமில்லை. ஏன் என்று அக்கா துருவவில்லை, அதுவரைக்கும் நல்லதுதான் செய்தாள். நர்ஸ்கள் தங்குகிற விடுதி ஒன்றுக்கு அவள்தான் வெந்நீர்த் தொட்டி வடிவமைத்துக் கொடுத்திருந்தாள். அங்கே மேனேஜரிடம் பேசி, படுக்கை விரிப்பு, துண்டு, தலையணை உறை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற வேலையைத் தங்கைக்கு வாங்கிக் கொடுத்தாள். வேலை கிடைத்துவிட்டது. தங்குவது எங்கே? விடுதி அறைகள் நர்ஸ்களுக்கு மட்டும்தான்.

அக்கா வீட்டில் ஒரு கூடம், ஒரு படுக்கையறை. இரண்டு மகன்கள், இரண்டு பேருக்கும் கையும் காலும் நீண்டுகொண்டே போகிற வயது. அவள் கணவர் தபால் பிரிக்கிற வேலையில் இருப்பவர், எதையும் இரண்டு தடவை சொல்ல மாட்டார்.

“இங்கயே இருக்கட்டுமே. பசங்க கூடத்துல படுத்துப்பாங்க,” என்றார் அவர்.

“உங்களுக்கு அவளத் தெரியாது. ரோஷக்காரி. யார் வீட்டுலயும் ஒட்டிக்கிட்டு இருக்கணும்னா அவளுக்கு உடம்பு கூசும்.”

அதற்குமேல் அக்கா யாரையும் கேட்கவில்லை. யாருக்கு என்ன செருப்பு அளவு, யாருக்கு என்ன பசி என்பதை எல்லாம் அவளே முடிவு செய்து அவளே முடித்துவிடுவாள். குடும்பத்தில் எல்லாருக்கும் அது வசதியாகவும் இருந்தது.

மறுநாளே விடுதிக்குப் போய், பாய்லர் அறையில் தொட்டிக்கு எதிரே கிடந்த காலி இடத்தைக் காட்டி, “இங்க ஒரு சுவர் எழுப்பினா அந்தப் பக்கம் நல்ல ரூம் ஆயிடும். ஜன்னல்கூட இருக்கு,” என்றாள்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “ஏம்மா, இந்த இடத்துல ஒரு ஸ்டூல் போட்டதுக்கு என்னைய அந்த வாங்கு வாங்கினீங்க. நீங்கதானே அது?”

“கனமான குழாயா போட்டிருக்கேன் சார். இப்போதைக்கு ஒண்ணும் ஆகாது.”

அது வெறும் சாக்கு என்று சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் சொல்லிவிட்டாள். தொட்டிக்கும் புதுச் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற சந்து மட்டும் மிஞ்சியது. சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில், அலமாரி, அக்கா தானே தைத்துப் போட்ட திரை. தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாள். தங்கை அறையின் நடுவில் நின்று சுவரைத் தொட்டுப் பார்த்தாள்.

“நல்லா இருக்குக்கா. சூடா இருக்கு,” என்றாள்.

அக்காவுக்கு மனசு நிறைந்துவிட்டது. தொழிலில் தான் வைத்திருந்த ஒரே வைராக்கியத்தையும் தங்கைக்காக விட்டுவிட்டோம் என்று நினைக்க நினைக்க, வருத்தத்தோடு ஒரு பெருமையும் வந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத பெருமை. வெல்டர் ஒருநாள், “காலி மனையில வீடே கட்டிட்டாங்கப்பா,” என்று ஆரம்பித்தார். அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

வருஷங்கள் ஓடின. மகன்களில் பெரியவன் படிக்க வெளியூர் போனான். தங்கை விடுதியில் கால் ஊன்றிவிட்டாள். விரிப்புக்காரம்மா என்றால் எல்லாருக்கும் தெரியும். எந்த நர்ஸுக்கு எந்தத் தலையணை வைத்தால் தூக்கம் வராது என்பதுவரை அவளுக்கு அத்துப்படி. அக்கா மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பாள். போகும்போதெல்லாம் சந்துக்குள் நுழைந்து பண்டில் மூடியைச் சுற்றி விரலால் தடவி, ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் தங்கை அறைக்கே போவாள்.

ஒருநாள் காலை பட்டறைக்குத் தங்கையிடமிருந்து போன் வந்தது.

“அக்கா, வெள்ளை விரிப்பெல்லாம் லேசா சிவக்குது. வெந்நீர்ல அலசினா மட்டும்தான். பச்சத் தண்ணியில அலசினா ஒண்ணும் இல்ல.”

அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. பாய்லர் தண்ணீரில் துருப் பிடிக்காமல் இருக்க ஒரு மருந்து கலப்பார்கள். கசிந்தால் கண்ணுக்குத் தெரியட்டும் என்று அதில் சிவப்புச் சாயமும் சேர்த்திருக்கும். அலசுகிற தண்ணீரே சிவக்கிறது என்றால் தொட்டிக்குள்ளே குழாயே ஓட்டையாகிவிட்டது.

“யார்கிட்டயும் சொல்லாத. நான் இப்பவே வர்றேன்.”

“மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்க்கா. அந்தத் தண்ணியிலதான் பொண்ணுங்க குளிக்குதுங்க.”

தொட்டியை நிறுத்தினார்கள். விடுதி முழுக்கப் பச்சைத் தண்ணீர்க் குளியல், முணுமுணுப்பு. மேனேஜர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: சுவரை இடித்து பண்டிலை மாற்ற வேண்டும், ஆனால் ஒருமுறை இடித்தால் இன்னொரு முறை அங்கே அறை கட்ட விட மாட்டார்கள், மேலிடத்தில் ஏற்கனவே முகம் சுளிக்கிறார்கள். பட்டறை முதலாளிக்கும் விஷயம் போனது.

“இடிச்சிட்டு மாத்துங்க மேடம். ஒரு நாள் வேலை,” என்றார். மேடம் வந்துவிட்டது.

“இடிக்காம முடிச்சுத் தர்றேன்,” என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு அவள் மேஜையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. டீ ஆறி ஏடு படிந்தது. பழைய பண்டிலைப் பற்றிக் கவலையில்லை. கைநீளம் இழுத்து, அறுத்து, மறுபடி இழுத்து அறுத்துத் துண்டு துண்டாக வெளியே எடுத்துவிடலாம். புதுசை எப்படி உள்ளே அனுப்புவது? வளைகிற மாதிரியான, உடம்பெல்லாம் மடிப்பு மடிப்பான குழாயை நுழைத்துச் சுருட்டிவிடலாம். ஆனால் அந்த விடுதித் தண்ணீர் கடுமையான உப்புத் தண்ணீர், மடிப்புகள் எல்லாம் அடுத்த வருஷமே அடைத்துக்கொள்ளும். பாய்லர் சூட்டை ஏற்றிவிட்டுக் குழாயைக் குறைக்கலாம். சூடு ஏறினால் உப்பு இன்னும் வேகமாகப் படியும், அவசரத்தில் குழாயைத் திறக்கிற பெண்ணின் கையும் வெந்துபோகும். ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்து அழித்தாள்.

கடைசியில் மிஞ்சியது குட்டிச் சுருள்கள். சந்து வழியாக நுழையும் அளவுக்குக் குட்டையான சுருள்களை ஒவ்வொன்றாக உள்ளே விட்டு, மூடியில் சேர்த்துக் கட்டுவது. தொட்டியின் முகப்புப் பக்கம்தான் காயும், பின்பாதி மெதுவாகத்தான் வரும். கணக்குப் போட்டால் பாதிச் சூடுகூடத் தேறவில்லை. அப்போது அக்கா ஒரு காரியம் செய்தாள். எல்லாரும் ஒரே நேரத்தில் குளிப்பார்கள் என்று தான் எப்போதும் வைக்கிற கணக்கைத் தளர்த்தினாள். எல்லாருமா ஒரே நேரத்தில் குளிக்கப் போகிறார்கள்? சிலர் முந்துவார்கள், சிலர் பிந்துவார்கள். ஆட்களைக் கொஞ்சம் பரப்பி வைத்தாள். இப்போது விடை வந்துவிட்டது. வேறு யாராவது இப்படிக் கணக்குக் கொண்டுவந்திருந்தால் அந்தத் தாளாலேயே முகத்தில் அடித்திருப்பாள்.

படத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு மத்தியானமே விடுதிக்குப் போனாள். தங்கை கிடங்கில் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

“உன் ரூமுக்கு ஒண்ணும் ஆகாது. வழி கண்டுபிடிச்சிட்டேன்.”

தங்கை மடிப்பை நிறுத்தாமல் கேட்டாள். “தண்ணி முன்ன மாதிரியே சூடா வருமாக்கா?”

“வரும். கடைசியில குளிக்கிறவங்களுக்குக் கொஞ்சம் வெதுவெதுன்னு இருக்கும். அவ்வளவுதான்.”

“கடைசியில குளிக்கிறது யாருன்னு தெரியுமா?”

அக்கா கையிலிருந்த படச்சுருளைப் பார்த்தாள்.

“ராத்திரி டூட்டி முடிச்சு வர்றவங்க. காலை டூட்டிக்குப் போறவங்க எல்லாம் குளிச்சுட்டுப் போன பிறகுதான் அதுங்க வந்து சேரும். விடிய விடிய நின்னுட்டு, ரத்தத்தையும் வாந்தியையும் துடைச்சுட்டு வருதுங்க. சில நாள் செத்தவங்களையும் துடைச்சுட்டு வருதுங்க. அதுங்களுக்கா வெதுவெதுன்னு குடுக்கப் போற?” தங்கை அடுத்த துண்டை எடுத்தாள். “இடிச்சிடுக்கா.”

“அப்புறம் நீ எங்க போவ?”

“அத நான் பாத்துக்கறேன்.”

அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “உனக்காக நான் மண்டைய ஒடச்சுக்கிட்டு இருக்கேன். நீ பாட்டுக்கு இடின்னு சொல்ற. அவ்வளவு சுளுவா?”

தங்கை மடித்த துண்டுகளை எடுத்து அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கேட்டுவிட்டு, “கூட்டிட்டு வந்துடு,” என்றார். அன்று சொன்ன அதே குரலில் சொன்னார். பெரியவனுடைய கட்டில் சும்மாதான் கிடந்தது. இருவருமாக அதை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டார்கள். அக்கா சுருட்டி வைத்திருந்த படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, பழைய பண்டிலின் அளவிலேயே புதுசு செய்யச் சொன்னாள். ரோஷக்காரியை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வாய்க்குள்ளேயே பேசிப் பேசிப் பார்த்தாள். பெரியவன் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று ஆரம்பிக்கலாம். எனக்கு முதுகு வலி, ஒத்தாசைக்கு ஆள் வேண்டும் என்று சொல்லலாம். தனக்குத் தேவை என்று சொன்னால்தான் அவள் வருவாள்.

சுவர் இடிக்கிற அன்று காலை பட்டறை ஆட்களோடு அக்காவும் போனாள். தங்கையின் சாமான்கள் இரண்டு பெட்டியாகக் கட்டி நடைபாதையில் இருந்தன. கட்டிலை வெளியே எடுத்திருந்தார்கள். சம்மட்டி விழுந்த வேகத்தில் சுவர் சீக்கிரமே சரிந்துவிட்டது, ஒற்றைக்கல் சுவர்தானே. புழுதி அடங்கியதும் போல்ட்டைக் கழற்றி, சங்கிலி மாட்டி, பண்டிலை இழுத்தார்கள். உப்பு அப்பி வெளுத்துப்போன குழாய்க்கட்டு மெல்ல மெல்ல வெளியே வந்து, தங்கை தலை வைத்துப் படுத்திருந்த இடத்தைத் தாண்டி, ஜன்னல் வரை நீண்டு நின்றது. குழாய்களைத் தாங்குகிற தட்டில் உரசி உரசி ஒரு குழாய் காகிதம் போல் மெலிந்து ஊசித் துளை விழுந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு அக்கா வெளியே வந்தாள்.

தங்கை பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

“நம்ம வீட்டுக்கு வந்துடு,” என்றாள் அக்கா. “நீ ரோஷக்காரின்னு எனக்குத் தெரியும். ஆனா எனக்கே இப்ப ஒரு ஆள் வேணும். பெரியவனும் இல்ல, முதுகு வேற...”

“யாருக்கா ரோஷக்காரி?”

அக்கா நிறுத்தினாள்.

“அன்னைக்குப் பஸ்ஸ விட்டு இறங்கி நேரா எங்க வந்தேன்? உன் வீட்டுக்குத்தானே வந்தேன். ரோஷக்காரி வருவாளா?” தங்கையின் குரலில் சூடே இல்லை. “நீ தட்டு வெச்ச, சாப்பிட்டேன். பசங்களோட பாயில படுத்தேன். இங்கயே இருடின்னு சொல்லுவ, சொல்லுவன்னு பாத்துட்டே இருந்தேன். நீ சிரிச்சுக்கிட்டே வந்து, உனக்கு ரூம் ரெடின்னு சொன்ன.”

“நீ வாயத் தொறந்து கேட்டிருக்கலாமேடி.”

“புருஷன விட்டுட்டு வந்து நிக்கிறவ எப்படிக்கா கேப்பா? நீ கேட்டிருக்கலாமே.”

உள்ளே புதுப் பண்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்கள் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ரோஷக்காரிக்குச் சொல்ல அக்காவிடம் எவ்வளவோ இருந்தது. ரோஷமே இல்லாமல் காத்திருந்த ஒருத்தியிடம் சொல்ல ஒரு வார்த்தையும் இல்லை. பசங்க கூடத்தில் படுத்துக்கொள்வார்கள் என்று கணவர் அன்றே சொன்னாரே. கூடத்தில் இடமில்லாமல் போகவில்லை. தன் வீட்டுக்குள் இன்னொருத்தி வேண்டாம் என்று இருந்தது தனக்குத்தான். அதற்குத் தங்கையின் ரோஷத்தைச் சாக்காக எடுத்துக்கொண்டாள். தியாகம் என்று வேறு அதற்குப் பெயர் வைத்தாள்.

“தப்புதான். இப்ப வா,” என்றாள்.

“இப்ப வேண்டாம்க்கா. இங்க விடுதியில சமைக்கிற அம்மா வீட்டு மாடியில ஒரு ரூம் இருக்கு. அவங்களா வந்து கேட்டாங்க, சரின்னுட்டேன்.” தங்கை அக்காவின் தோளில் படிந்திருந்த சுண்ணாம்புத் தூளைத் தட்டிவிட்டாள். “கோவமெல்லாம் இல்ல. ஞாயித்துக்கிழமை சாப்பிட வர்றேன். அன்னைக்குன்னா ஓடி வந்திருப்பேன், அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டு ஒரு பெட்டியைத் தூக்கினாள். அக்கா மற்றதைத் தூக்கிக்கொண்டாள். விடுதி வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியதும் அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. பெட்டியைப் பிடித்திருந்ததால் கண்ணைத் துடைக்கக் கையில்லை. தங்கை அழவில்லை. அந்தச் சமையல்காரம்மா வீட்டுக்கு அக்காவுக்கு வழி தெரியாது என்பதால், “இந்தப் பக்கம்க்கா, பாத்து வா,” என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தாள்.